வாகை சூடாத காட்டுப் போர்: ஹூர்ட்கன் காடும் அதனைப் பேசிய புனைவுகளும்

முன்னுரை

போரைப் பொருளாகக் கொண்ட இலக்கியம் பெரும்பாலும் அதன் முடிவை நோக்கியே நடப்பது. வென்றோன் முரசொலியும், தோற்றோன் சுற்றத்தின் அழுகையும், இருபெரு வேந்தரும் ஒருங்கு வீழ்ந்த களத்தின் அவலமும் புலவர்க்குப் பாடுபொருளாயின. நம் இலக்கண நூலார் போரின் ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு திணை வகுத்தனர். ஒவ்வொரு திணைக்கும் ஒரு நோக்கமும் காட்டினர். ஆநிரை கோடல் வெட்சி, மண்ணாசையுற்ற வேந்தன் மேற்சேறல் வஞ்சி, அரணை வளைத்தலும் கொள்ளுதலும் உழிஞை, வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு பொருதல் தும்பை, வெற்றி வாகை. போர் கொடிதாயினும், அது எதன்பொருட்டு நிகழ்கிறது என்னும் தெளிவு இப்பகுப்பின் அடிப்படையாக அமைந்திருத்தலைக் காண்கிறோம்.

இனி ஒரு வினா எழுகின்றது. எதன்பொருட்டு நிகழ்ந்தது என்பது போரிட்டோர்க்கே விளங்காத போரை இலக்கியம் எவ்வாறு பேசும்? இழப்போ பெரிது; கொண்ட நிலமோ சிறிது; அடுத்து வந்த பெரும்போர் ஒன்று அதனை மக்கள் நினைவினின்றும் அகற்றிவிட்டது. அத்தகைய போரைப் பாடுவார்க்கு வாகையும் இல்லை, தும்பையும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் 1944 செப்டம்பர் முதல் 1945 பிப்ரவரி வரை ஜெர்மனியின் மேற்கெல்லையில் நிகழ்ந்த ஹூர்ட்கன் காட்டுப் போர் இவ்வகையினது. அதனைத் தொட்டுச் செல்லும் அமெரிக்கப் புனைவுகள் மூன்றினை ஆராய்ந்து, மேற்கண்ட வினாவிற்கு விடை காண இக்கட்டுரையில் முயல்கின்றோம்.

போரும் களமும்

புனைவுகளை மதிப்பிடுமுன் களத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுதல் வேண்டும். ஆகன், டூரன், மொன்ஷாவ் என்னும் மூன்று ஊர்களுக்கு இடைப்பட்ட முக்கோணப் பரப்பில், ஏறத்தாழ 50 சதுர மைல் அளவில் அடர்ந்து கிடந்தது இக்காடு. நெருங்கி வளர்ந்த ஊசியிலை மரங்கள், ஆழ்ந்த பள்ளத்தாக்குகள், சேறுபட்ட ஒற்றையடித் தடங்கள், பகலிலும் நீங்காத இருள், அவற்றோடு மழை, பனி ஆகியவை அதன் இயல்புகள். ஹாட்ஜஸ் என்பார் தலைமையில் இயங்கிய அமெரிக்க முதற் படை, தன் வலப்பக்கத்திற்குக் காப்புத் தேடும் கருத்தோடு இக்காட்டினுள் புகுந்தது. உள்ளே காத்திருந்த ஜெர்மானியர் எண்ணிக்கையில் குறைந்தோராயினும், காடே அவர்க்கு அரணாயிற்று.

அமெரிக்கப் படையின் வலிமை வானூர்தி, கவச வண்டி, பெரும் பீரங்கி என்னும் மூன்றினும் இருந்தது. காட்டினுள் அம்மூன்றும் பயன் குன்றின. முகிலும் மரச்செறிவும் வானூர்தியின் கண்ணை மறைத்தன. தடங்களின் குறுக்கமும் கண்ணிவெடிகளும் வண்டிகளை நிறுத்தின. பகைவர் குண்டுகளோ மரவுச்சியில் பட்டு வெடித்தன. இரும்புச் சிதறலும் மரச்சிதறலும் ஒருங்கே மேலிருந்து பொழிந்தன. குண்டு வருங்கால் நிலத்தில் குப்புற வீழ்தல் வேண்டும் என்பது வீரன் கற்ற முதற்பாடம். இக்காட்டில் அவ்வாறு வீழ்ந்தவன் தன் உடல் முழுவதையும் அச்சிதறலுக்குக் காட்டியவன் ஆயினான். ஆதலின் மரத்தைத் தழுவி நிற்றலே உயிர்காக்கும் வழி எனப் புதிதாகக் கற்றனர். எந்த மரம் கொன்றதோ அந்த மரமே புகலிடமும் ஆயிற்று.

அக்டோபரில் புகுந்த 9-ஆம் காலாட்படைப் பிரிவு ஏறத்தாழ 3,000 கஜம் முன்னேறுதற்கு ஏறத்தாழ 4,500 பேரை இழந்தது. நவம்பர் 2-ஆம் நாள் தாக்குதல் தொடங்கிய 28-ஆம் பிரிவு, மறுநாளே ஷ்மிட் என்னும் சிற்றூரைக் கைப்பற்றி, அதற்கடுத்த நாளே அதனை இழந்தது. அப்பிரிவின் இழப்பு 6,000-க்கும் மேற்பட்டது. பின்னர் வந்த 4-ஆம் பிரிவின் 22-ஆம் படைவகுப்பு, ஏறத்தாழ 3,200 பேரோடு புகுந்து, 18 நாள்களில் ஏறத்தாழ 2,800 பேரை இழந்தது. இடையறாது புதியோர் வந்து நிரம்பியமையாலேயே அவ்வகுப்பு தன் பெயரைக் காத்துக்கொண்டது. மொத்தத்தில் அமெரிக்கர் இழப்பு ஏறத்தாழ 33,000 என்பர். அவருள் ஏறத்தாழ 9,000 பேர் குளிராலும் ஈரத்தாலும் கால் அழுகியும், நோயுற்றும், களைப்பால் செயலற்றும் நீங்கியோர். ஜெர்மானியர் இழப்பும் ஏறத்தாழ 28,000 ஆகும்.

இத்துணை இழப்பிற்கும் உரிய பொருள் யாது? காட்டிற்குத் தெற்கே ரோயர் ஆற்றின் நீரைத் தேக்கிய அணைகள் இருந்தன. அவற்றைத் திறந்து ஆற்றைப் பெருக்கினால், ஆற்றைக் கடந்த படை மறுகரையில் துண்டிக்கப்படும். ஆதலின் அவ்வணைகளே கொள்ளத்தக்க பொருள். அவற்றின் இன்றியமையாமை மேலிடத்தாரால் காலந்தாழ்த்தே உணரப்பட்டது. 1945 பிப்ரவரியில் அமெரிக்கர் அணையை அடைந்தபொழுது, ஜெர்மானியர் அதன் நீர்ப்போக்கியை அழித்திருந்தனர், ஆறு பெருகிற்று, ஆற்றைக் கடத்தல் பிப்ரவரி 23 வரை தடைப்பட்டது. இதற்கிடையே 1944 டிசம்பர் 16-இல் அருகிலுள்ள ஆர்டென்ஸ் பகுதியில் ஜெர்மானியரின் பெருந்தாக்குதல் தொடங்கிற்று. தாக்குதல், முற்றுகை, மீட்பு, வெற்றி என ஒரு கதைக்குரிய உறுப்பெல்லாம் அப்போருக்கு அமைந்தன. ஹூர்ட்கனுக்கு அவை அமையவில்லை. ஆகவே வரலாறு ஆர்டென்ஸைப் பேசிற்று, ஹூர்ட்கனை அடிக்குறிப்பாக்கிற்று. களத்தில் நின்ற பால் போஷ் என்பாரின் நினைவுநூல் 1962-லும், படைத்தலைவராயிருந்து வரலாற்றாசிரியரான சார்ல்ஸ் மக்டானல்டின் தனிநூல் 1963-லுமே வெளிவந்தன என்பது கருதத்தக்கது. புனைவோ அவற்றிற்குப் பல்லாண்டு முன்னரே வாய்திறந்தது.

சாலிஞ்சரின் முதற் குரல்

4-ஆம் பிரிவின் 12-ஆம் படைவகுப்பில் பணியாற்றியவர் ஜே. டி. சாலிஞ்சர். அவர்தம் 'தி ஸ்ட்ரேஞ்சர்' என்னும் சிறுகதை 1945 டிசம்பரில் 'காலியர்ஸ்' இதழில் வெளிவந்தது. போர் முடிந்து மீண்ட பேப் கிளாட்வாலர் என்னும் இளைஞன், இறந்துபட்ட தன் நண்பன் வின்சென்ட் கால்பீல்டின் முன்னாட் காதலியை நியூயார்க்கில் காணச் செல்கிறான். அவளோ இப்பொழுது பிறன் மனைவி. தன் சிறு தங்கையையும் உடன் அழைத்துச் செல்கிறான். நண்பன் இறந்த வகையை அவளுக்குச் சொல்வதே அவன் மேற்கொண்ட பணி.

அவன் சொல்லும் செய்தி மிகச் சிறிது. ஹூர்ட்கன் காட்டில் வின்சென்ட் வேறு சிலருடன் தீக்காய்ந்து நின்றான். ஒலியேதும் எழுப்பாது வந்த ஒரு சிறுபீரங்கிக் குண்டு இடையே வீழ்ந்தது. மருத்துவர் கூடாரத்தில் சில நிமிடங்களுக்குள் அவன் உயிர் நீங்கிற்று. அவ்வளவே. பகைவன் முகம் இல்லை. எதிர்த்து நின்ற மறம் இல்லை. இறுதிச் சொல்லும் இல்லை. அவள் தன் மனத்தில் வேறொரு சாக்காட்டைப் புனைந்துகொள்வாளோ என்பதே பேப்பின் அச்சம். திரைப்படங்களிலும் நூல்களிலும் இளைஞர் இறக்கும் வகையை அவள் நம்பிவிடலாகாது என்று அவன் வற்புறுத்துகிறான். வேதனை உடலை நிறைத்திருக்க, இருளன்றி வேறெதனையும் அவன் உணர்ந்திருக்க இயலாது என்பதே அவன் துணிபு.

இவ்விடத்தில் கதையின் உயிர்நிலை உள்ளது. இறந்தானைப் பற்றி உயிரோடிருப்பவன் என்ன சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் வினாவே அது. ஆறுதல் கூறுவதாயின் பொய் கூறல் வேண்டும். மெய் கூறுவதாயின் ஆறுதலைக் கைவிடல் வேண்டும். பேப் மெய்யைத் தேர்கிறான். ஆயின், கேட்போளின் துயரைக் கண்டு உடனே தன்னையே நொந்துகொள்கிறான். நம் மரபில் கையறுநிலை பாடும் புலவன் இறந்தானின் ஈகையையும் வீரத்தையும் அடுக்கி, அவன் இல்லாத உலகின் வெறுமையைக் காட்டுவான். அங்கே பெருமைக்கும் மெய்ம்மைக்கும் முரண் இல்லை. இங்கோ பெருமை கூறின் மெய்ம்மை கெடும். எனவே பேப்பின் உரை, பெருமையைக் களைந்த கையறுநிலை எனத் தகும். மரவுச்சிகளினின்று இறப்பு பொழிந்த காடு, நின்று பொருது வீழும் வாய்ப்பைக்கூட வீரனுக்கு அளிக்கவில்லை என்னும் வரலாற்றுண்மை, இவ்வடிவத்தால் புலனாகின்றது.

ஒரு வாக்கியத்துள் ஒரு காடு

அதே ஆசிரியர் 1950 ஏப்ரலில் 'நியூயார்க்கர்' இதழில் எழுதிய எஸ்மே பற்றிய சிறுகதை பெரும்புகழ் பெற்றது. அதன் பிற்பகுதி போர் ஓய்ந்தபின் பவேரியாவில் நிகழ்கிறது. உள்ளம் சிதைந்து, கை நடுங்கி, படிக்கவும் எழுதவும் இயலாது இருக்கும் சார்ஜண்ட் ஒருவன் கதைத்தலைவன். பெயரும் இழந்து 'எக்ஸ்' என்னும் எழுத்தாக நிற்கிறான். அவன் எக்களத்தில் இவ்வாறு ஆயினான் என்பதை ஆசிரியர் கூறுவதில்லை. ஹூர்ட்கன் என்னும் பெயர் ஒரே இடத்தில், அதுவும் அவனைப் பற்றியன்றி அவன் தோழனைப் பற்றிய குறிப்பாக வருகின்றது. உடல் வாட்டமற்ற, பருத்த அத்தோழனை, அக்காட்டில் இதழ் ஒன்றிற்காகப் படம் பிடித்தனர் என்பதும், நன்றிகூறும் திருநாளுக்குரிய வான்கோழிகளை இரு கையிலும் ஏந்தி அவன் நின்றான் என்பதுமே அக்குறிப்பு.

1944 நவம்பர் 23-ஆம் நாள் அத்திருநாள். படையினர் அனைவர்க்கும் அன்று வான்கோழி உணவு சென்று சேர வேண்டும் என்பது மேலிடத்து ஆணை. 4-ஆம் பிரிவு காட்டினுள் நாளும் மெலிந்துகொண்டிருந்த நாள்கள் அவை. உள்நாட்டு மக்கள் இதழில் கண்டது சிரிக்கும் வீரனையும் இரு பறவைகளையும். காணாதது அப்படத்தின் சட்டத்திற்கு வெளியே கிடந்த காட்டை. சாலிஞ்சர் அப்படத்தை மட்டும் காட்டி, காட்டைப் பற்றி வாளா இருந்துவிடுகிறார். படத்தில் இருப்பவன் நலமாயிருக்கிறான். படத்தில் இல்லாதவனோ நடுங்குகிறான். போர் எவ்வாறு மறக்கப்பட்டது என்பதையே ஆசிரியர் இங்குக் கதையாக்கினார் என்று யாம் கருதுகின்றோம். மறதி பின்னாளில் நேர்ந்ததன்று. போர் நடந்த பொழுதே படம் பிடிப்போனின் கருவியில் தொடங்கிவிட்டது. சொல்லாது விட்டதனால் சொல்லும் இவ்வுத்தி, உள்ளுறையில் பழகிய தமிழ் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

ஹெமிங்வேயின் கசப்பு

1950-ஆம் ஆண்டிலேயே எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'அக்ராஸ் தி ரிவர் அண்ட் இன்டு தி ட்ரீஸ்' என்னும் நாவலும் வெளிவந்தது. 1944 நவம்பரில் அவர் 'காலியர்ஸ்' இதழின் செய்தியாளராக, லான்ஹம் என்பார் தலைமை தாங்கிய 22-ஆம் படைவகுப்புடன் இக்காட்டில் இருந்தவர். நாவலின் தலைவன் கர்னல் கான்ட்வெல் ஐம்பது அகவையன். தளபதி நிலையினின்று இறக்கப்பட்டவன். நெஞ்சு நோயால் இறப்பை எதிர்நோக்குபவன். வெனிஸ் நகரில் ரெனாட்டா என்னும் இளம்பெண்ணிடம், அவள் வேண்டுதலின்பேரில், தான் தன் படைவகுப்பை இழந்த கதையைக் கூறுகிறான்.

நாவல் வெளிவந்தபொழுது திறனாய்வாளர் பலர் அதனைக் கடிந்தனர். தலைவன் தன்னையே வியந்து பேசுகிறான், காதலுரைகள் செயற்கையாய் உள்ளன, நிகழ்ச்சி இன்றிப் பேச்சே நிறைந்துள்ளது என்பன அவர்தம் குறைகூறல்கள். முதல் இரண்டையும் யாம் மறுத்தற்கில்லை. மூன்றாவதை மட்டும் ஏற்றல் இயலாது. ஹூர்ட்கனைப் பற்றிய பகுதிகளில் நிகழ்ச்சி தொடர்ச்சியாக அமையாமை குறையன்று; அக்களத்தின் இயல்பே அது. காட்டினுள் நின்றவன் பத்து அடிக்கு அப்பால் கண்டானில்லை. அவன் நினைவில் எஞ்சுவன துண்டு துண்டான காட்சிகள். எரிகுண்டால் வெந்து கிடந்த பகைவனின் உடலை அவன் நாட்டு நாயே தின்னக் கண்டது, வண்டிகள் மேலேறி மேலேறி நைந்த சொந்த வீரனின் உடலைச் சாலையினின்று எடுத்தது என்பன போல்வனவற்றைக் கான்ட்வெல் வரிசையின்றிச் சொல்கிறான். இவற்றை ஒரு கதைக்கோவையாக்கின், காட்டிற்கு இல்லாத ஓர் ஒழுங்கை அதற்கு அளித்தவராவோம்.

ஆயினும் இப்பகுதியின் ஆற்றல் இழப்பைக் காட்டுவதோடு அமையாது, பொறுப்பை வினவுவதிலும் உள்ளது. தொலைவிலிருந்து வரைபடம் நோக்கி ஆணையிட்டோரைக் கான்ட்வெல் வெகுள்கிறான். அதே வேளை, அவ்வாணையை நிறைவேற்றியவன் தானே என்பதையும் அவன் மறைப்பதில்லை. வெகுளி பிறர்மேல் செல்லுந்தோறும் தன்மேல் மீள்கின்றது. ரெனாட்டா உறங்கிவிட்ட பின்னரும் அவன் வாய்விட்டுச் சொல்லாது நினைவாகவே அக்கதையைத் தொடர்கிறான். கேட்போர் இல்லாத உரையாக அது முடிதல், அப்போர் அடைந்த மறதிக்கே உருவகமாகின்றது.

நாவலின் தலைப்பும் ஆராயத்தக்கது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863-இல் இறந்த தளபதி ஜாக்சன், ஆற்றைக் கடந்து மரநிழலில் இளைப்பாறுவோம் என்னும் பொருளில் தன் இறுதியுரையைக் கூறினான் என்பது வரலாறு. கான்ட்வெல் தன் இறுதியில் அதனை நினைக்கிறான். ஜாக்சனின் உரையில் மரம் நிழல் தருவது, ஓய்வுக்கு இடமாவது. ஹெமிங்வே தலைப்பமைத்தபொழுது நிழலையும் ஓய்வையும் நீக்கிவிட்டார். ஆறும் மரமுமே எஞ்சின. ரோயர் ஆற்றை நோக்கி மரங்களினூடே தன் வகுப்பைச் செலுத்தி அழித்தவனுக்கு, மரநிழல் என்னும் சொல் இனி ஆறுதலாகாது. பழம்பெரும் வீரன் ஒருவனின் இறப்புரையைக்கூட இக்காடு பொருள்மாற்றிவிட்டது.

பாசறையில் உலவிய வேந்தன்

மேற்கண்ட மூன்று புனைவுகளையும் நம் மரபு தரும் ஓர் அளவுகோலால் அளந்து பார்த்தல் பயனுடையது. இது கடன்கொண்டமை காட்டும் ஒப்பீடன்று. இரு வேறு உலகங்களின் போரறம் பற்றிய ஒப்பீடே ஆகும். நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் வேந்தன், வாடைக் காற்றும் மழைத்துளியும் வருத்தும் நள்ளிரவில், துயிலாது, ஒருசிலரே உடன்வர, புண்பட்ட வீரரை நேரிற் கண்டு செல்கிறான். முல்லைப்பாட்டின் அரசனும் காட்டிடை அமைத்த பாசறையில், பட்ட களிறுகளையும் மாய்ந்த மறவரையும் நினைந்து துயில் கொள்ளாதிருக்கிறான். போரை அப்பாட்டுகள் விலக்கவில்லை. ஆனால் ஆணையிட்டவன் அதன் விளைவைக் கண்ணாரக் காண வேண்டும் என்னும் அறத்தை அவை எடுத்துக்காட்டுகின்றன.

ஹூர்ட்கனில் இழந்தது இவ்வறத்தையே. உயர் தலைவர் முன்னணிக்கு அரிதாகவே வந்தனர் என்பது பிற்கால வரலாற்றாசிரியர் பலரும் சுட்டிய குறை. சேறும் தடமும் வரைபடத்தில் கோடாக மட்டும் தெரிந்தமையால், ஒரு பிரிவு அழிந்த வழியிலேயே அடுத்த பிரிவும் அனுப்பப்பட்டது. கான்ட்வெல்லின் கசப்பிற்கு வேர் இதுவே. பேப் கிளாட்வாலர் ஓர் இல்லக் கதவைத் தட்டிச் செல்வதும் இக்குறையை நிறைத்தற்கேயாம். தலைவன் காணாது விட்ட புண்ணைத் தோழன் சென்று சொல்கிறான். 'எக்ஸ்' என்பானோ அப்புண்ணாகவே நமக்குக் காட்சியளிக்கிறான்.

திணை வகையால் கூறின், இப்போர் மண்ணசையால் வஞ்சியாகத் தொடங்கி, காட்டரண் முன் உழிஞையாக மாறி, நோக்கம் மறைந்தபின் வலிமை காட்டுதல் ஒன்றே எஞ்சிய தும்பையின் வெற்றுருவாய் நின்றது. ஆயின் அதனைப் பேசிய புனைவுகளோ அம்மூன்றனுள் எதிலும் அடங்கா. நிலையாமையைப் பொருளாக உடையது எனத் தொல்காப்பியர் வகுத்த காஞ்சியே அவற்றிற்கு இயைபுடையது. வெற்றியைப் பாட இயலாத இடத்தில் இலக்கியம் இறந்தோர்க்கும் எஞ்சினோர்க்கும் இடையே உள்ள கடமையைப் பாடத் தொடங்குகின்றது.

முடிவுரை

மூன்று புனைவுகளுள் முதன்மை எதற்கு என வினவின், 1945-இல் வெளிவந்த 'தி ஸ்ட்ரேஞ்சர்' என்னும் சிறுகதைக்கே அதனை அளிப்போம். எஸ்மேயின் கதை கலைநுட்பத்தால் அதனினும் சிறந்தது. நாவல் பரப்பால் பெரிது. ஆனால், புகழ்ந்து பொய்த்தலோ மெய்யுரைத்து வருத்துதலோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய இக்கட்டை நேர்நின்று கண்டது முதற்கதையே. ஹெமிங்வேயின் நாவலை முற்றும் தோல்வியெனத் தள்ளுதலும் தகாது. அதன் காட்டுப்பகுதிகள், அப்போரின் பொறுப்பைத் தயங்காது வினவிய முதற் சான்றுகளுள் வைத்து எண்ணத்தக்கன.

இக்காட்டில் இன்று இரு தரத்தாரையும் நினைவூட்டும் சின்னங்கள் உள்ளன. போர் முடிந்தபின் யூலியஸ் எராஸ்முஸ் என்னும் ஜெர்மானியர், மரங்களினிடையே கிடந்த 1,500-க்கும் மேற்பட்ட உடல்களைத் தேடியெடுத்து அடக்கம் செய்தார். 1944 நவம்பர் 12-ஆம் நாள், கண்ணிவெடி நிலத்தில் புண்பட்டுக் கிடந்த அமெரிக்கன் ஒருவனை மீட்கச் சென்று உயிரிழந்தவர் லெங்பெல்டு என்னும் ஜெர்மானியப் படைத்தலைவர். அவர் நினைவாக 1994-இல் ஹூர்ட்கன் கல்லறைத் தோட்டத்தில் கல் நாட்டியோர், அதே 22-ஆம் அமெரிக்கப் படைவகுப்பின் முதிய வீரர்களே. வென்ற நிலத்தையோ கொன்ற தொகையையோ அக்கல் பேசவில்லை. பகைவனுக்குப் பகைவர் நட்ட அந்நடுகல் கூறும் பொருளையே, அதற்கு அரை நூற்றாண்டு முன்னர் ஓர் இளைஞன் நியூயார்க் இல்லமொன்றில் தடுமாறிச் சொல்ல முயன்றான். வாகை சூடாத போர்களின் இலக்கியத்தை ஆராயப் புகும் மாணவர், பெருங்காப்பியங்களைத் தேடாது, இத்தகைய தடுமாறும் சிறு குரல்களையே முதற்கண் செவிமடுத்தல் வேண்டும்.